மூன்றாவது பை

அந்தத் திங்கட்கிழமை காலை, ராகு காலம் முடிந்த கையோடு, கக்கத்தில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு எதிர் ஃப்ளாட்டின் அழைப்பு மணியை அழுத்தினேன். நீல ரெக்சின் பை. ஜிப் பாதியில் சிக்கிக்கொள்ளும். என் வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்திருந்தேன். உள்ளே குக்கர் சீறிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு என் மனைவி வசந்தா கூடத்துக்கு வர இன்னும் இரண்டு விசில் பாக்கி.

கதவைத் திறந்த நூர்ஜஹான் என்னையும் பார்த்தார், பையையும் பார்த்தார்.

"இன்னா சார், நீங்களுமா?"

"ஆமாம்மா. இதையும் அந்த ரெண்டு பையோட சேத்து வெச்சுடு."

"அக்கா ரெண்டுதானே கொணாந்து வெச்சாங்க? மூணாவது ஒண்ணு கீதுன்னு சொல்லவே இல்லியே."

"அதான் நான் சொல்றேனே."

அவர் சிரித்தபடி வாங்கிக்கொண்டு போய், ஷோகேசுக்குக் கீழே மற்ற இரண்டு பைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் திரும்பி வந்து, ஊஞ்சலில் உட்கார்ந்து, ஒன்றுமறியாதவன்போல் மின்விசிறியைப் பார்த்தேன். கடைசி விசில் அப்போதுதான் வந்தது.

எழுபதைத் தாண்டிய ஒரு மனிதன் தன் பையை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைப்பானேன்? இந்தத் தொடரைப் படித்துப் போன வாரம் கடிதம் எழுதிய வாசகர் ஒருவர், "நீங்கள் எப்போதுதான் மயிலாப்பூரை விட்டு வெளியே வருவீர்கள்?" என்று கேட்டிருந்தார். இந்த அத்தியாயத்தில் வருகிறேன். ஆனால் முதலில் எதிர் ஃப்ளாட் வரைதான்.

லாரியை லாரி என்று சொன்னேன்

எங்கள் ஒரே மகள் நித்யா அடையாற்றில் தனியாக இருக்கிறாள். கணினி நிறுவனத்தில் வேலை. அந்தக் கோடையில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, தன் காரிலேயே இமயமலை அடிவாரம் வரை ஓட்டிக்கொண்டு போவதாகத் தீர்மானித்தாள்.

"எந்த ஊர்ல குளிர ஆரம்பிக்கறதோ அதுவரைக்கும் போயிண்டே இருக்கணும்மா. நீயும் வரே," என்றாள் வசந்தாவிடம்.

கூடத்தில் நானும் இருந்தேன். என்னிடம் அவள் சொன்னது வேறு. "உனக்கு பிபி இருக்குப்பா. வெயில் தாங்காது. மாமி மெஸ்லேர்ந்து சாப்பாடு வந்துடும்."

இரத்த அழுத்தம் காரணமில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். காரணம், அதற்குச் சில மாதங்களுக்கு முன் நாங்கள் போய்வந்த புதுச்சேரிப் பயணம். முன் இருக்கையில் இருந்த நான், எதிரே லாரி வந்தபோதெல்லாம் "லாரி" என்றேன். லாரியை வேறு என்னவென்று சொல்வது? கூடவே காலால் தரையை அழுத்தினேன். அது என் கையில், அதாவது காலில், இல்லை. மரக்காணம் தாண்டியதும் நித்யா வண்டியை ஓரம்கட்டி இறங்கிப்போய், ஒரு சவுக்குத் தோப்பைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றாள். திரும்பி வந்து சொன்னாள்:

"அப்பா, இந்த வண்டில பிரேக் என் காலுக்குக் கீழதான் இருக்கு. உன் காலுக்குக் கீழ இருக்கறது மிதியடி."

நான் வேலை பார்த்தது புள்ளிவிவர அலுவலகத்தில். அந்த வேலையால்தான் எனக்கு எண்ணும் பழக்கம் வந்தது என்று உறவினர்கள் சொல்வார்கள். உண்மை நேர்மாறு. பள்ளிக்கூட நாட்களிலேயே கல்யாணப் பந்தியில் இலைகளை எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன். எண்ணினால் எதுவும் தவறாது என்று ஒரு எண்ணம். தவறிவிடுமோ என்ற கவலையும் எண்ண எண்ணத்தான் கூடுகிறது. இரண்டும் சேர்ந்தே வருகின்றன, நான் என்ன செய்ய?

பெரியப்பாவின் குடை

நித்யாவுக்கு விடுப்பு தொடங்கிய நாள் புதன்கிழமை. புதனன்று வடக்கே சூலம். அன்றைக்கு வடக்கு நோக்கிப் பயணம் தொடங்கக் கூடாது என்பது வசந்தாவின் பஞ்சாங்கம். ஒரு நாள் தள்ளிப் போகலாம் என்றால் வழியெல்லாம் முன்பதிவு செய்த அறைகள் வீணாகிவிடும்.

இதற்கெல்லாம் வசந்தாவிடம் ஒரு வழி உண்டு. அதற்குப் பெயர் பரஸ்தானம். புறப்படும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல வேளையில், பயணத்துக்கு வேண்டிய பொருள் ஒன்றை அக்கம்பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்தக் கணமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். ஒரே நிபந்தனை: வைத்ததைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் மொத்தப் பயணத்துக்கும் ஆகாது.

அவளுடைய பெரியப்பா ஒருவர் கோபாலபுரத்தில் இருந்தார். காசிக்குப் போக வேண்டும் என்று நல்ல நாள் பார்த்துப் பக்கத்து வீட்டில் குடையைப் பரஸ்தானம் வைத்தார். அந்த வருஷம் மூட்டுவலி. அடுத்த வருஷம் மருமகளுக்குப் பிரசவம். குடையைத் திருப்பி வாங்க முடியாது. காசிக்கும் போக முடியவில்லை. மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு போவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பாராம். பெரியப்பாவோ நனைந்துகொண்டே கடைக்குப் போவார். "இன்னொரு குடை வாங்கறதுதானே?" என்று யாராவது கேட்டால், "ரெண்டாவது வாங்கினா மொதல் குடை கோவிச்சுக்கும்" என்பார்.

வசந்தா இதைச் சொல்லும்போது நான் வழக்கமாகச் சிரிப்பேன். இந்த முறை சிரிக்கவில்லை. யோசித்தேன்.

மே மாதத்தில் ஸ்வெட்டர்

அதற்கு முந்தைய வாரம் ஸ்வெட்டர் வாங்க தியாகராய நகர் போனோம். பை தூக்க நான். கத்திரி வெயிலில் ஸ்வெட்டர் கேட்டு வந்த எங்களைக் கடைப்பையன்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். பிரித்ததும் அந்துருண்டை வாசனை.

நானும் ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தேன். கதகதப்பு ஒன்றும் தெரியவில்லை.

"சார், இங்க ஏசி கீது. வாசல்ல போய் நில்லுங்க, அப்பத்தான் தெரியும் சரக்கு எப்டின்னு," என்றார் அந்த விற்பனையாளர்.

அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் நிஜமாகவே போய் நின்றேன். பாண்டி பஜார் நடைபாதையில், மே மாதத்தில், கழுத்து வரை கம்பளி. முதுகில் வியர்வை ஓடத் தொடங்கிய இடத்தை என்னால் விரலால் தொட்டுக் காட்டியிருக்க முடியும். பூக்காரம்மா ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஜொரமா நைனா?" என்றாள். இதே சாலையைப் பிடித்துப் போய்க்கொண்டே இருந்தால் இந்த உடுப்பு ஏதோ ஓர் இடத்தில் சரியாகிவிடும் அல்லவா? அது எந்த இடம்?

இப்படித்தான் எனக்குள் கேள்விகள் ஆரம்பித்தன. எந்த ஊரோடு இட்லி நிற்கிறது? காப்பி கேட்டால் டீ வருவது எங்கிருந்து? கடைப் பலகைகளில் தமிழ் எழுத்து எல்லைக் கோட்டிலேயே சட்டென்று முடிகிறதா, இல்லை, கொஞ்ச தூரம் கலந்து வருகிறதா? ரயிலில் வடக்கே போயிருக்கிறேன். தூங்கி எழுந்தால் மொழி மாறியிருக்கும். மாறுகிற இடத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"கழட்டுங்கோ, எல்லாரும் பாக்கறா," என்று வசந்தா வந்து இழுத்தாள். பில் போடும்போது எண்ணினேன். இரண்டு ஸ்வெட்டர்கள்தான்.

மாத்திரை எங்கே?

திங்கட்கிழமை மத்தியானம் விஷயம் வெளியே வந்தது.

"ஏன்னா, மாத்திரை போட்டுண்டேளா?"

"அது எதிராத்துல இருக்கு."

"எதிராத்துலயா? நூர்ஜஹானுக்கு எதுக்கு உங்க மாத்திரை?"

"அவளுக்கு இல்லை. என் பையில இருக்கு. பரஸ்தானம் வெச்சிருக்கேன்."

வசந்தாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ரசம் சொட்டியது.

"யார் உங்களை வைக்கச் சொன்னா?"

"பயணம் போறவா எல்லாரும் வைக்கணும்னு நீதானே சொல்லுவே."

"நீங்கதான் போகலையே!"

"கிளம்பிட்டேனே. காலம்பரயே."

அவள் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அவளுக்கு மெல்லப் புரிந்தது. பையைத் திருப்பிக் கொண்டுவந்தால் பயணத்துக்கே ஆகாது. கொண்டுவராவிட்டால் நான் புறப்பட்டாகிவிட்டது. அவளுடைய சாஸ்திரத்தாலேயே அவளை மடக்கிவிட்டதாக நினைத்து நான் அப்பளத்தை ஒடித்தேன்.

"சரி," என்றாள், எழுந்துகொண்டே. "கிளம்பினவா கிளம்பினவாதான். ஊருக்குப் போனவருக்கு நான் எதுக்குச் சாயங்காலம் காப்பி போடணும்?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் காப்பி வரவில்லை.

நான் செய்த தவறு இன்னொன்றும் இருந்தது. பயணத்துக்கு உண்மையிலேயே தேவைப்படும் பொருளைத்தான் வைக்க வேண்டும் என்பதால், மாத்திரைகளோடு என் மூக்குக் கண்ணாடியையும் பையில் போட்டிருந்தேன். படிக்க அது ஒன்றுதான். பையைத் திறக்கலாம், கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவரத்தான் கூடாது. மீறினால் வசந்தா வாசலிலேயே மறிப்பாள். எனவே இரண்டு நாளும் பேப்பரை எடுத்துக்கொண்டு எதிர் ஃப்ளாட்டுக்குப் போய், அங்கே கண்ணாடியை மாட்டிப் படித்து, மாத்திரை போட்டு, கழற்றிப் பையில் வைத்துவிட்டு வர வேண்டியதாயிற்று.

நூர்ஜஹான் இஞ்சி தட்டிப்போட்ட டீ கொடுத்தார். அவருடைய கணவர் ஜலீல் பாய் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருப்பவர். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். அவர்கள் அஜ்மீருக்குப் போய்வந்தவர்கள் என்பது நினைவுக்கு வந்து, கேள்விகளை அவரிடம் எடுத்துவைத்தேன்.

"பாய், போற வழியில எந்த ஊர்லேர்ந்து சோறு போய் ரொட்டி வந்தது?"

"நாங்க ட்ரெயின்ல போனோம் சார். ஏறுன ஒடனே படுத்துட்டேன்."

"முழிச்சப்ப என்ன சாப்டேள்?"

"வூட்லேர்ந்து கட்டிக்கினு போன பிரியாணி சார்."

கை காலியாக வந்தாள்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட்டிகளை ஏற்ற நித்யா வந்தாள். பருப்புப் பொடி, மாங்காய்த் தொக்கு, சின்ன ரைஸ் குக்கர், காப்பி ஃபில்டர் எல்லாம் கூடத்தில் வரிசையாக நின்றன. வசந்தா விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா, இது சீட்டிங். பை கிளம்பினா நீ கிளம்பினதா அர்த்தமா?"

"உங்கம்மா சாஸ்திரம்."

"அம்மா?"

வசந்தா தொக்கு பாட்டிலின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னைக் கேக்காதே. நான் அந்தப் பையைத் தொட மாட்டேன். வேணும்னா நீ போய் எடுத்துண்டு வா. அப்பறம் வழியில டயர் வெடிச்சுதுன்னா என்னை ஒண்ணும் சொல்லப்டாது."

"நான் எடுத்துண்டு வரேன்," என்று நித்யா விறுவிறுவென்று எதிர் ஃப்ளாட்டுக்குப் போனாள்.

நான் எங்கள் வாசல்படியில் நின்றேன். இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. நடுவே இருந்தது மாடிப்படி வளைவு மட்டும். இந்த வயதில் இப்படி ஒரு சாலைப் பயணம் இன்னொரு முறை வாய்க்குமா என்று எப்படிக் கூட்டிக் கழித்தாலும் எனக்குச் சாதகமாக விடை வரவில்லை. அவள் அந்தப் பையோடு வெளியே வந்தால், கோடை முழுக்க மெஸ் சாப்பாடும் நானும்தான்.

"ஆன்ட்டி, அப்பா பையைக் குடுங்களேன். அவர் வரலை."

"அய்யய்யோ, அப்டி சொல்லாதம்மா!" நூர்ஜஹானின் குரல் உயர்ந்தது. "ரெண்டு நாளா உங்கப்பா இங்கதான் குந்திக்கினு கீறாரு. நாக்பூர்ல மே மாசம் ஆரஞ்சு கெடைக்குமான்றாரு. கோதாவரிப் பாலத்துக்கு எத்தினி தூண்ன்றாரு. நான் இன்னாத்த கண்டேன்? நீங்க ரெண்டு பேரும் பூட்டீங்கன்னா மாசம் பூரா நான் பதில் சொல்லணும். ஒனக்குப் புண்ணியமா போவும், இட்டுக்கினு போயிடு தாயே."

ஜலீல் பாய் இருமினார். "பாப்பா, உனக்கு இன்னா பிரச்சினை? அவரு முன்னால ரோட்டப் பாக்குறாரு, பயப்பட்றாரு. அதானே?"

"ஆமா அங்கிள்."

"பாக்காத மாரி பண்ணிட்டா?"

பிறகு குரல்கள் தணிந்துவிட்டன. என்ன பேசிக்கொண்டார்களோ, நித்யா சத்தமாகச் சிரித்தது மட்டும் கேட்டது. அவள் வெளியே வந்தாள். கை காலியாக வந்தாள்.

"நீ எனக்குப் பின்னாடி சீட்ல உக்காரணும். வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை வரப்டாது."

"வண்டிக்கு வெளியில இருக்கறதைப் பத்தி?"

"அது எவ்வளவு வேணா."

ரெக்சின் சுவர்

புதன்கிழமை விடியும்போதே ஜலீல் பாய் லுங்கியோடு கீழே வந்துவிட்டார். ஓட்டுநர் இருக்கையின் முதுகில், தலைக்குமேல் வரை உயர்ந்து நிற்கும் ஒரு பழுப்பு ரெக்சின் உறையை மாட்டினார். மாத்திரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று என்று மூன்று பைகள் அதில் இருந்தன. உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு முன்னால் உலகம் ரெக்சினோடு முடிந்தது. நூர்ஜஹான் பரஸ்தானப் பைகளைக் கொண்டுவந்தார். கூடவே ஒரு பழைய ஸ்வெட்டர். "அஜ்மீர்ல வாங்குனது சார். அவருக்கு இப்ப பத்தல."

தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, நான்கும் நசுங்கியதை வசந்தா இறங்கிப்போய்ச் சரிபார்த்த பிறகு கிளம்பினோம். முன் இருக்கையில் வசந்தா. கல்யாணமான நாளிலிருந்து எந்த வண்டியிலும் முன் இருக்கை என்னுடையதாகவே இருந்திருக்கிறது. நெடுஞ்சாலையை அவள் முன்னாலிருந்து பார்ப்பது இதுவே முதல் தடவை.

என் ஜன்னலில் தெரிந்தது சாலையின் நடுத்திட்டு மட்டும். அதில் அரளிச் செடிகள். அதற்கு அப்பால் சென்னையை நோக்கிப் போகும் லாரிகள். என்னைவிட்டு விலகிப் போகும் லாரிகளால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்பதைக் கண்டுபிடித்தேன். நிம்மதியாக எண்ணினேன்.

செங்குன்றம் தாண்டியதும் முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "முருகா."

சற்றுப் பொறுத்து, "முருகா, முருகா." கூடவே தரையில் பொத்தென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"அம்மா, என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணலையே. நீ ஓட்டு. முருகா!"

கும்மிடிப்பூண்டி வருவதற்குள் முருகனை எத்தனை முறை கூப்பிட்டாள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாகரிகம் கருதி அதை இங்கே எழுதவில்லை.

"எல்லை வந்துடுத்தா? போர்டெல்லாம் தெலுங்கா மாறிடுத்தா?" என்று ரெக்சினைப் பார்த்துக் கேட்டேன்.

"நான் ரோட்டைப் பாக்கறேன்ப்பா. அம்மாவைக் கேளு."

"நான் கண்ணை மூடிண்டிருக்கேன்," என்றாள் வசந்தா.

ஆக, தமிழ்நாடு முடிந்த இடத்தை எங்கள் மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை.

தடா தாண்டி ஒரு டீக்கடையோரம் நித்யா வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அப்படியே இருந்தாள். எனக்குப் பகீரென்றது. திரும்பிப் போகலாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா, அப்பாவைப் பின்னாடி போட்டது எதுக்குன்னு உனக்குத் தெரியுமோல்லியோ?"

"நான் லாரின்னா சொன்னேன்? சாமி பேரைத்தானே சொன்னேன்!"

"ரெண்டு பேரும் இடம் மாத்திக்கோங்கோ. அப்பா, நீ முன்னாடி வா. நீயே தேவலை."

நான் இந்த வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பேன் என்று வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் அரளிகளைப் பார்த்தேன். ரெக்சின் சுவரைப் பார்த்தேன். அந்தச் சுவருக்கு அப்பால் லாரி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். காலால் ஒருமுறைகூடத் தரையை அழுத்தவில்லை.

"வேண்டாம்மா. எனக்கு இங்க நன்னாயிருக்கு," என்றேன். "உங்கம்மாவையும் இங்க அனுப்பு."

வசந்தா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்து, இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முன் இருக்கையில் காப்பிக் கூஜாவை வைத்து நித்யா பெல்ட் மாட்டிவிட்டாள். வண்டி நகர்ந்தது. வானொலியில் ஏதோ பாட்டு.

"உங்க பக்கம் என்ன தெரியறது?" என்றாள் வசந்தா, கண்ணை மெல்லத் திறந்து.

"அரளி. லாரி. எல்லாம் மெட்ராஸ் போறது. உன் பக்கம்?"

"ஒரு ஏரி. தண்ணியே இல்லை, நடுவுல எருமை மட்டும் நின்னுண்டிருக்கு. அப்பறம் ஒரு சைக்கிள் கடை. எழுத்து ஜிலேபி ஜிலேபியா... இருங்கோ, கீழ ஓரத்துல தமிழ்லயும் எழுதியிருக்கான்."

"தமிழ்லயா? எல்லை தாண்டியுமா? என்ன எழுதியிருக்கான்?"

அவள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். முன்னால் நித்யா கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

"அம்மா, சத்தமாச் சொல்லு. எனக்கும் கேக்கணும்."